ஒரு கப்பலுக்குப் பூஜ்யம்

1
இந்தக் கதை பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த பெண், செயற்கைக்கோள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்வதாகச் சொன்னாள். செயற்கைக்கோளின் மின்சக்திக்கு அளவுண்டு. கீழே ஊர், விமானம், கப்பல் என்று கேட்கிற இடங்களோ ஏராளம். எங்கே எவ்வளவு என்று பங்குபோடும் கணினி நிரலை அவள் எழுதுகிறாள். (எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதி என் இட்டுக்கட்டல். படித்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.)

2
தொடக்கம்: "விண்ணின் மௌனத்தில் ஒரு..." வேண்டாம். சகிக்கவில்லை.

மறுபடி: ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டிய வாரத்தில், சோதனை ஓட்டத்தில் தன் நிரல் ஒரு கப்பலுக்குப் பூஜ்யம் கொடுத்திருப்பதை அவள் பார்த்தாள். ஆய்வகத்தில் எல்லாரும் எல்லா இடங்களுக்குமாகப் போய்ச்சேர்ந்த தகவலின் மொத்தத்துக்கு மட்டுமே வரைபடம் போடுவார்கள். அதனால் யார் கண்ணிலும் படவில்லை. கப்பல் மேல் மழை. அனுப்புவதில் பாதி வீணாகும். நிரல் அதைக் கைகழுவிவிட்டது. ஆய்வேடு தேறினால் இதே நிரல் நிஜச் செயற்கைக்கோளுக்குப் போகும்.

3
அவளுடைய ஆய்வு நெறியாளரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.

"மொத்தம் கூடியிருக்கில்லம்மா?"

"கூடியிருக்கு சார். ஆனா மழையில மாட்டின கப்பல்காரங்க யாரையும் கூப்பிட முடியாது."

"எல்லாருக்கும் கொஞ்சமாவது குடுன்னு நிபந்தனை போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். மொத்தம் போன வருஷம் சீனியர் தன் ஆய்வேட்டுல காட்டினதவிடக் கீழ போயிடுது."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப வேற முறை தேடணும். இன்னொரு வருஷம் ஆகும். இப்படியே குடுத்தாலும் யாரும் தப்புன்னு சொல்லமாட்டாங்க. நீயே முடிவு பண்ணு."

4
[கப்பலில் அவளுடைய அண்ணன் சமையல்காரர் என்று எழுதி, அடித்துவிட்டேன். வாசகர் மூக்கைச் சிந்துவதற்காக ஒரு ஆளைக் கப்பலேற்றுவது அநியாயம். அவளுக்குக் கப்பலில் யாரையும் தெரியாது.]

5
அவளுக்கு ஊரில் ஒரு மகள். நாத்தனார் வீட்டில் வளர்கிறாள். இதுவரை அந்தக் குழந்தைக்கு நான் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. (நெறியாளரின் கண்ணாடிக்கு ஒதுக்கினேன்.) இந்த வாரம் கொடுத்துவிட்டால் மகளிடம் போய்விடலாம். இல்லையென்றால் இன்னொரு வருஷம் பிள்ளை அத்தையோடுதான்.

போன் அடித்தது.

"அம்மா, அத்தை கேக்கச் சொன்னாங்க. என்னை இங்கயே ஸ்கூல்ல சேக்கணுமா, இல்ல நீ வந்துடுவியா?"

இரண்டு பதிலையும் எழுதிப் பார்த்தேன். 'வந்துடறேன்' என்றால் குழந்தை குதிக்கிறாள். அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. 'அங்கயே சேந்துக்கோ' என்றால் ஆய்வேடு நன்றாக இருக்கிறது. குழந்தை போனை அத்தையிடம் கொடுத்துவிடுகிறாள்.

எதில் மொத்தம் கூடுதல் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. நீங்களே அவளுக்குப் பதிலாகச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். குழந்தை இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.

"அம்மா? நான் பேசறது கேக்குதா?"