தென்னை நண்டும் முதல் குடமும்

ஜம்புலிங்கம் சாரை எனக்குப் பிடிக்காது. அவர் மகள் மங்கையர்க்கரசியைக் கண்டாலே ஆகாது. நிக்கோபாருக்கு வடக்கே எங்கள் தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே குழாய். கோடையில் காலையில் கொஞ்ச நேரம் ஒழுகிவிட்டு நின்றுவிடும். முதல் குடம் வைப்பவர்கள் வீட்டில் குளிப்பார்கள். அடுத்தவர்கள் முகம் கழுவிக்கொள்வார்கள். இந்தச் சண்டையில் இரண்டு வீட்டு அம்மாக்களும் பேச்சை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. தண்ணீர் பிடிக்க வருவது நானும் மங்கையும்தான்.

அறுபத்தொன்பதில் சார் விலங்கியல் வகுப்பில் ஒரு போட்டி வைத்தார். தீவின் பிராணிகளை ஜோடி ஜோடியாகப் போர்டில் எழுதுவார். சண்டை எங்கே நடக்கும் என்பதற்குச் சீட்டு எடுப்பார். எது ஜெயிக்கும், ஏன் என்று நாங்கள் சொல்ல வேண்டும். தீர்ப்பு அவருடையது. முதல் நாளே ஒருவன் புலி வேண்டுமென்று கேட்டு, இந்தக் காட்டில் ஏதுடா புலி என்று திட்டு வாங்கினான்.

பூரானும் தேளும், பன்றியும் மானும் என்று போய்க்கொண்டிருந்தது. கடைசிச் சண்டைக்கு வந்தபோது மங்கையும் நானும் சம மதிப்பெண். குழாயடியில் அவள் பந்தயம் கட்டினாள்.

"தோத்தவ குடம் மழை வர்ற வரைக்கும் பின்னாடி. சரியா?"

சரி என்றேன். அம்மாவிடம் கேட்கவில்லை.

கடைசி ஜோடி தென்னை நண்டும் உடும்பும். சீட்டில் வந்தது, கடல் பொங்கி ஏறும் நேரத்துக் கழிமுகம், ஆள் மூழ்கும் தண்ணீர். வகுப்பே நண்டு என்றது. தேங்காயை உடைக்கிற கொடுக்கு, அதுவும் தண்ணீரில், பிறகென்ன என்றாள் மங்கை. நான் மட்டும் உடும்பு என்றேன். அப்பாவுக்கு நான்கவுரித் தீவில் வேலையாக இருந்தபோது, பிடித்து வந்த தென்னை நண்டை உயிரோடு இருக்கட்டும் என்று அம்மா தண்ணீர் அண்டாவில் விட்டாள். காலையில் பார்த்தால் செத்துக் கிடந்தது. அது தரையில் மூச்சு விடுகிற நண்டு, முக்கினால் செத்துவிடும் என்றேன்.

சார் என்னை ஏற இறங்கப் பார்த்து, வழக்கம்போல் இந்தி கலந்து சொன்னார்.

"பானியில நண்டு சாகும்னா மீன் மரத்துலயா வாழும்? பைட்டோ."

வகுப்பு சிரித்தது. மங்கை மேசையைத் தட்டிச் சிரித்தாள். பைட்டோ என்றதும் உட்கார்ந்தேன். மறுநாளிலிருந்து எங்கள் குடம் பின்னால் போனது. அம்மா என்னை வைத வசவை இங்கே எழுத முடியாது.

சில வாரம் கழித்து நிக்கோபாரிலிருந்து வந்த கப்பலில் யாரோ சாருக்கு ஒரு தென்னை நண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். திங்கட்கிழமை வகுப்பில் காட்டப்போவதாகத் தெருவெல்லாம் சொன்னார். ஞாயிறு மாலை, அவர்கள் முற்றத்தில் குளிக்க வைத்திருந்த டிரம் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. முதல் குடத்துக்காரருக்குத் தண்ணீருக்கு என்ன பஞ்சம்? கடல் நண்டு என்று சார் இரண்டு கை உப்பை வேறு அள்ளிப் போட்டார். நண்டை உள்ளே விட்டு, ஏறி வராதபடி மூடி போட்டு, மேலே அம்மிக்குழவியை ஏற்றினார். நான் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். எங்கள் வீட்டில் அன்று யாரும் குளிக்கவில்லை. அது எங்கள் தண்ணீர் என்று வயிறு எரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

காலையில் மங்கையின் அம்மா போட்ட சத்தம் மலைச்சரிவு முழுக்கக் கேட்டது. நண்டு கால்களைத் தொங்கவிட்டுக் கிடந்தது. நாறிய உப்புத் தண்ணீரைச் சாரே சாக்கடையில் சாய்த்தார்.

மங்கை குழாயடிக்கு வந்து குடத்தை வைத்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நேத்து வேலிகிட்டதானே நின்னே. தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"வகுப்புலயே சொன்னேன். உங்கப்பா உட்காரச் சொன்னாரு."

அவளுடைய குடத்தை நான் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு என் குடத்தைக் குழாய்க்கடியில் தள்ளினேன். அவள் தடுக்கவில்லை. ஜன்னலில் நின்று சார் பார்த்துக்கொண்டிருந்தார். பைட்டோ என்று சொல்லவில்லை.