மூன்றாவது தடவை விழும்போது

இந்தக் காலத்தில் கீழே விழுவதற்குக்கூட வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முப்பத்தெட்டு வருடம் மூட்டை தூக்கியவருக்கு இது பொறுக்கவில்லை. ஆயுளில் அவர் விழுந்தது இரண்டே தடவை. இரண்டையும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மருமகளோ பஸ்ஸில் டிக்கெட் கொடுத்து முடித்த கையோடு, ஜூடோ என்று வாரத்துக்கு மூன்று நாள் இந்தக் கொட்டகைக்கு வந்து விழுகிறாள். இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது என்று அவரும் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டார்.

"எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான் மாமா. இன்னைக்கு பெல்ட்டுக்குத் தேர்வு. தேறலைன்னா விட்டுடுறேன், நீங்களே வந்து பாருங்க" என்று காலையில் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்காகத்தான் வந்தார். விரிப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டார்கள். கைத்தடியை ஊன்றி உட்கார்ந்தார்.

எதிரே நின்ற தையற்கடைக்காரி மருமகளைவிட ஒன்றரை மடங்கு இருப்பாள். அவள் தள்ளிக்கொண்டு வரும்போது சட்டையைப் பற்றி, வயிற்றில் பாதம் வைத்து, தானே மல்லாந்து விழுந்து, தலைக்கு மேலாக அவளை எறிய வேண்டுமாம். மூன்று வாய்ப்பு.

"தானும் கவுந்து அடுத்தவளையும் கவுக்குறதா? நல்ல வித்தைதான்."

"அரைகுறையா விழுந்தாத்தான் அடிபடும் பெரியவரே. முழுசா விழுந்துடணும்" என்றாள் பயிற்சியாளர்.

முதல் தடவை மருமகள் பாதி உட்கார்ந்தாள். தையற்கடைக்காரி சரிந்த மூட்டையாக அவள் மேலேயே விழுந்தாள். இரண்டாவதும் அப்படியே. இன்றோடு ஒழிந்தது என்று நினைத்தார். ஆனால் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. விழப்போகும் நொடியில் அவள் கழுத்து திரும்புகிறது. பின்னால் இருப்பது அவருடைய நாற்காலி.

"யாரைப் பாக்குறீங்க?" பயிற்சியாளர் அதட்டினாள்.

"யாரையும் இல்ல மேடம்." முழங்கை சிவந்திருந்தது.

பொய். பத்து வருடமாக அவர் எதிரில் சாய்ந்துகூட உட்காராதவள் எப்படி மல்லாந்து விழுவாள்? அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், நினைத்தது நடந்துவிடும். கைத்தடியால் தரையை இரண்டு முறை தட்டினார். பிறகு எழுந்தார்.

"எங்க மாமா? இன்னும் ஒரு தடவை இருக்கு."

"உள்ள ஒரே புழுக்கம். நீ விழு, விழாம போ. எனக்கென்ன?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். சைக்கிள் நிறுத்தும் இடத்தைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம், லேசாக. உடனே இன்னொன்று, ஜன்னல் கம்பி அதிர, கனமாக. யாரோ கை தட்டினார்கள்.

"விழுறதுக்குக் கைதட்டு வேற" என்று முணுமுணுத்தபடி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.