நான் ஒளித்த துரும்பு

பள்ளிவாசல்துறையில் எனக்கு எதிரே இருந்து கடதாசி விளையாடச் சம்மதிக்கிற ஆள் ஒருவன்தான். நிக்கொலஸ். போட் எஞ்சின் திருத்துகிறவன், வேதக்காரன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். மற்றவர்கள் ஆளுக்கொரு தரம் என்னோடு சோடி சேர்ந்து பார்த்துவிட்டு, சலாம் சொல்லி எழும்பிப் போனவர்கள்.

நாங்கள் விளையாடுவது முந்நூற்றி நாலு என்கிற சீட்டாட்டம். நாலு பேர், எதிரெதிரே இரண்டு சோடி. கூடப் புள்ளி எடுப்பேன் என்று கேட்கிறவன், மற்ற இனங்களை வெட்டுகிற துரும்பை வைப்பான். அந்தத் துரும்புக் கடதாசியைக் கவிழ்த்து முன்னால் வைக்க வேண்டும். என்ன துரும்பு என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். சோடிக்காரனுக்கும் தெரியாது. இந்தச் சட்டத்தை ஆக்கியவன் என்னைப் போல ஒருத்தனாக இருக்க வேண்டும். ஒருத்தரையும் நம்பாதவன்.

ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. கையில் எந்த இனம் பலமோ அதைத்தான் துரும்பாக வைப்பார்கள். சோடிக்காரனும் அதை ஊகித்து விளையாடுவான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எனக்கு அது பெரிய மடத்தனமாகப் பட்டது. சோடிக்காரன் ஊகிப்பதை எதிரி ஊகிக்க மாட்டானா? ஆகவே நான் சில நாள் பலத்தில் வைப்பேன், சில நாள் குப்பையில் வைப்பேன். நல்ல கைக்கும் கெட்ட கைக்கும் ஒரே குரலில் கேட்பேன். எதிரி குழம்பினான் என்பது உண்மை. நிக்கொலஸ் அதைவிடக் குழம்பினான்.

என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற அவன், போன கிழமை அப்படித் தோற்ற பிறகு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நானா, இனி ஒருக்கா இப்பிடி என்னைப் பேயனாக்கினீங்கள் எண்டா, நான் நளீரோட இருப்பன். கோவமில்ல. சொல்லி வைக்கிறன்."

நளீர் சோடிக்கு ஆள் தேடிக்கொண்டு நிற்கிறவன்; நிக்கொலஸும் போனால் எனக்கு ஆள் இல்லை. தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் கடலும் இல்லை, கருவாட்டு வேலையும் இல்லை. மீனவர் சங்கக் கட்டடத்தில் மத்தியான ளுஹர் தொழுகைக்கும் பின்னேர அஸர் தொழுகைக்கும் இடையில் இருக்கிற அந்த ஆட்டத்தை விட்டால், வீட்டில் பெண்சாதி அலீமாவோடு இருக்க வேண்டும். அவளுக்கும் அது விருப்பமில்லை.

நேற்றைய கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். எதிர்ப்பக்கம் ஐஸ் லொறி முனாஸும் ஸுஹைப் மாஸ்டரும். மாஸ்டர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். விழுந்த கடதாசி எல்லாம் அவர் மண்டையில் வரிசையாக இருக்கும். எனக்கு முதல் நாலு கடதாசி வந்தது. ஆட்டினில், அதாவது ஹார்ட்டில், ஜாக், ஒன்பது, ஆஸ்; முந்நூற்றி நாலில் முப்பது, இருபது, பதினொன்று புள்ளி பெறுகிற முதல் மூன்று கடதாசி. நாலாவது ஓர் இஸ்பேட் ராணி. சின்னப் பிள்ளையும் ஆட்டினைத் துரும்பாக வைக்கும்.

"இருநூறு," என்றேன். இஸ்பேட் ராணியைக் கவிழ்த்து, காற்றுக்குப் பறக்காமல் வலையின் ஈயக்குண்டு ஒன்றை அதன்மேல் வைத்தேன்.

மாஸ்டர் அந்த ஈயக்குண்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

முனாஸ் ஆட்டினில் ஒன்று இறக்கினான். ஜாக்கைப் போட்டுப் பிடித்தேன். மாஸ்டரின் கையிலிருந்த ஒரே ஆட்டினும் அதோடு போயிற்று. ஆட்டின்தான் துரும்பு என்று அவர் முடிவு கட்டியது நெற்றியிலேயே தெரிந்தது. இனி அவரை அவசரப்படுத்த வேண்டும். அஸருக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மாஸ்டர் தொழுகையில் முதல் ஸஃப்பில், முன் வரிசையில் நிற்கிற மனுஷர், கைகால் கழுவி வுழூவும் எடுக்க வேண்டும். நான் கடதாசியை விசிறி போல விரித்தேன், மடக்கினேன், திரும்ப விரித்தேன்.

"நெய்னார் நானா, போடுங்க. பாங்கு சொல்லப் போறாங்க," என்றார் மாஸ்டர்.

"யோசிக்கத்தானே வேணும், மாஸ்டர். நாங்க படிக்காத ஆக்கள்."

"அவர் யோசிச்சு முடிக்க விடியச் சுபஹும் வந்திரும்," என்றான் முனாஸ்.

மாஸ்டர் செருப்பைத் தேடிக் காலால் துழாவத் தொடங்கியதும், பின்னால் வந்த நாலில் இருந்த டைமண் ஜாக்கை இறக்கினேன். முனாஸ் டைமண் கிங் போட்டான். அந்தச் சுற்றில் விழுகிற நாலு கடதாசியும் சேர்ந்த கட்டு எங்களுக்குத்தான் என்று நம்பி நிக்கொலஸ் டைமண் ஒன்பதை மேலே வைத்தான். மாஸ்டரிடம் டைமண் இல்லை. கையில் முதலில் பட்டதை, பாராமலே, கவிழ்த்துப் போட்டார்.

கவிழ்த்துப் போட்டதைத் துரும்பு வைத்தவன்தான் தூக்கிப் பார்க்க வேண்டும். துரும்பென்றால் காட்ட வேண்டும், இல்லையென்றால் காட்டாமல் ஒதுக்கலாம். தூக்கிப் பார்த்தேன். இஸ்பேட் ஏழு. ஒரு புள்ளியும் பெறாத ஏழு. ஆனால் துரும்பு.

அதை ஒதுக்கிவிடலாமா என்று நினைத்தேன். ஈமான் தடுத்தது என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. கடைசியில் ராணியைத் திருப்பும்போது மாஸ்டர் தன்னுடைய இஸ்பேட் ஏழை ஞாபகம் வைத்திருப்பார் என்ற பயம்தான் தடுத்தது.

ஈயக்குண்டைத் தள்ளிவிட்டுத் துரும்பைத் திருப்பினேன்.

"இஸ்பேட்டா?" என்றார் மாஸ்டர். "நான் குப்பையெண்டுதானே போட்டன்."

"மாஸ்டர், வெட்டினது நீங்கதான்," என்று முனாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஐம்பத்து மூன்று புள்ளி ஒரே கட்டில் போயிற்று. இருநூறுக்குப் பதினொன்று குறைந்து தோற்றோம். பாங்கு கேட்டது. நிக்கொலஸ் விழுந்த கடதாசிக்குள் என்னுடைய ஆட்டின் ஜாக்கையும் ஒன்பதையும் ஆஸையும் பொறுக்கி எடுத்துப் பார்த்தான்.

"இவ்வளவையும் கையில வெச்சிட்டு இஸ்பேட்."

"அவங்கள ஏமாத்தத்தான் வெச்சன், நிக்கொலஸ்."

"ஏமாந்தாங்கள்தானே," என்றான்.

தொழுகையில் மனம் நிற்கவில்லை. இமாம் எத்தனை ரக்அத் தொழுவித்தார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். திரும்பி வந்தபோது அவன் இன்னும் அங்கேயே இருந்தான். நளீரும் வாசலில் நின்றான்.

"இருக்கிறன், நானா. ஆனா கேக்கிறது நான். ஒரு மாசத்துக்கு நீங்கள் பாஸ் மட்டும்தான் சொல்ல வேணும்," என்றான் நிக்கொலஸ்.

கொஞ்சம் வீம்பு காட்டியிருக்கலாம். அவன் சொல்லி முடிக்க முன்னமே, "ஓம், ஓம்," என்றுவிட்டேன். அதையும் நளீர் கேட்டுக்கொண்டு நின்றான்.

இன்று எனக்கு வந்தது ஏழும் எட்டுமாகச் சுத்தக் குப்பை. "பாஸ்," என்றேன். மாஸ்டர் தன் கடதாசியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"நெய்னார் நானா பாஸா? இதில என்னமோ இரிக்கி."

யோசித்து யோசித்து அவரும் பாஸ் சொன்னார். நிக்கொலஸ் நூற்று அறுபதுக்கு மலிவாக எடுத்து, ஆட்டினைத் துரும்பாக வைத்து, நேராக விளையாடி வென்றான். கடதாசியைக் கலைக்கும்போது, "நல்ல பாஸ், நானா," என்றான்.

மெச்சினானா, குத்தினானா என்று விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது.