உத்தரவு வராதவள்

1

கபருக்குள் கிடப்பது எலும்பு, அதனிடம் போய் அழுகிறவர்களுக்குப் புத்தி இல்லை என்று காட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சாயாக்கடையில் காதில் விழுந்த சமாசாரம். பாதியில் என் கையை விட்டுப் போய்விட்டது.

2

மட்டாஞ்சேரியில் இதமான கடல்காற்று

(அடித்துவிட்டேன். அங்கே வீசுவது சுக்கும் மிளகும் கலந்த காற்று. தும்மல்தான் வரும்.)

எழுபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலம். கிட்டங்கியில் மூட்டை தூக்கும் வீரபாண்டிக்குப் பிள்ளை பிறந்து, அன்றே போய்விட்டது. அதிலிருந்து அவன் பெண்சாதி மூக்கம்மாள் தின்னவுமில்லை, தூங்கவுமில்லை. அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டுத் தங்ஙளின் கபரடியில் அவளைக் கொண்டுபோய் விட்டான். (தங்ஙள் என்றால் நபி வழி வந்தவர் என்பார்கள். நான் விசாரிக்கவில்லை.) அங்கே ஒரு வழக்கம். வந்தவர்கள் அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். அடங்கியவர் கனவில் வந்து ‘போ’ என்று உத்தரவு கொடுத்தால்தான் வீட்டுக்குக் கிளம்பலாம்.

மூக்கம்மாள் தேறினாள். தின்றாள், தூங்கினாள். உத்தரவு மட்டும் வரவில்லை. அவளுக்குப் பிந்தி வந்தவர்கள்கூடக் கிளம்பிப் போனார்கள்.

வீரபாண்டிக்கு ஆளில்லாத வீடு பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் போய், தங்ஙள் தன் கனவிலேயே வந்து உத்தரவு கொடுத்துவிட்டதாகப் புளுகினான்.

“எங்க நின்னு சொன்னாரு?” என்று கேட்டாள்.

“எங் கால்மாட்டுல நின்னு.”

“அவரு எப்பிடி நிப்பாரு? ரெண்டு காலும் இல்லியே. தெனம் வர்றாரு. போன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குறாரு.”

விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த முக்ரி, கபரைப் பார்த்துக்கொள்ளும் கிழவர், கிண்ணத்தைக் கீழே வைத்தார். வீரபாண்டியைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

“இவளோட ஆரு பறஞ்சது? கபர்ல எறக்கினது என்டெ வாப்பா. காலில்லாம எறக்கின காரியம் எங்க வீட்டுக்கு வெளிய ஆருக்கும் தெரியாது.”

3

முக்ரியே தூக்கத்தில் உளறியிருப்பார் என்று எழுதிப் பார்த்தேன். நானே நம்பாததை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பது மட்டும் கொஞ்சம் பிடிபடுகிறது. அழுதது போதும், எழுந்திரு என்று புருஷன் சொன்னால் ஏறாது. பெற்றவள் சொன்னாலும் ஏறாது. பொய் சொல்லித் தனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லாத ஒருவர் சொல்ல வேண்டும்.

4

முடிவு ஒன்று: மறுநாளே உத்தரவு வந்தது, அவள்

முடிவு இரண்டு: வீரபாண்டி அவளைப் பலவந்தமாக இழுத்துப்போனான். வீடு வந்து சேர்ந்தது அவள்

இரண்டும் புளுகு. பேனா என் கையில் இருக்கிறது, உத்தரவை ஒரு வரியில் எழுதிவிடலாம்தான். எழுதப்போகும்போதெல்லாம் அவள் தலையைத் தூக்குகிறாள். புருஷனைப் பார்ப்பதில்லை. என் பக்கம் பார்க்கிறாள்.

வீரபாண்டி வாசலில் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். என்னால் ஆகாது. உங்கள் கனவில் யாராவது வந்து அவள் பேரைச் சொன்னால், போய்ச் சொல்லிவிடுங்கள். வராவிட்டால் பாவம் பார்த்து எதையும் சொல்லிவைக்காதீர்கள். அவளுக்குத் தெரிந்துவிடும்.