சளி உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது

காரைக்காலில் ஐப்பசி மழை விடாமல் பெய்த விடியலில், ஆஸ்பத்திரியின் அலுவலகத் தளத்தைச் சௌந்தரவல்லி துடைத்துக்கொண்டிருந்தாள். பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. ஈர மாப்பைப் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு மரத்துவிட்டது. மனம் மட்டும் மாடியில், குழந்தைகள் வார்டில் கிடந்தது. அங்கேதான் அவளுடைய எட்டு மாதப் பிள்ளை ஆதவன் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தான்.

மழைக்காலம் வந்தால் மூச்சுக்குழலை அடைக்கும் அந்தச் சளி வைரஸும் வந்துவிடும். பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகல். கைப்பிள்ளைகளுக்கோ நெஞ்சுக்கூடு குழிந்து குழிந்து எழும். இதற்கென்று தனி மருந்தில்லை, ஆக்சிஜன் வைத்துத் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா மடி இல்லாவிட்டால் ஆதவன் மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிகிறான். அப்பன் கடலுக்குப் போயிருக்கிறான். பெற்றவள் கீழே நாற்காலிகளுக்கு அடியில் துடைக்கிறாள். இதைவிடக் கொடுமை வேறென்ன?

வார்டைத் துப்புரவு செய்யும் அமீர் நிஷா படியிறங்கி ஓடிவந்தாள்.

"வல்லி, புள்ளைக்கி ஒதடு நீலமாவுது. நர்சம்மா ஒன்னக் கூப்புடுறாங்க, ஓடு!"

மாப்பைப் போட்டுவிட்டு வல்லி ஓடினாள். எதிரே துப்புரவுக் காண்டிராக்டர் பாலகுரு கைக்குட்டையில் மூக்கைச் சிந்தியபடி நின்றார்.

"எங்க போறே?"

"புள்ளைக்கி மூச்சு முட்டுதுங்க. கொஞ்ச நேரம் மட்டும்..."

"நேத்தும் இதே பாட்டுதானே பாடுனே? படி ஏறுனா அப்படியே வீட்டுக்குப் போயிரு. ஒன் எடத்துக்குப் பக்கத்து ஊரு பூவத்துலேருந்து ஆள் வரும்."

வல்லியின் கால் தயங்கியது. இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது. தயங்கியதற்காக அவள் தன்னையே வெறுத்தாள். பிறகு விறுவிறுவென்று ஏறிவிட்டாள்.

பாலகுரு கத்திக்கொண்டே பின்னால் ஏறினார். சத்தம் கேட்டு மற்ற தளங்களின் துப்புரவுப் பெண்களும் மாப்பும் கையுமாக வந்து சேர்ந்தார்கள். வார்டு வாசலில் நிஷா தன் மாப்பைக் குறுக்கே நீட்டினாள்.

"மூக்கு ஒழுவுதுல்ல ஒங்களுக்கு? வாசல்ல மாட்டியிருக்குற போர்டைப் படிங்க. சளி உள்ளவங்க உள்ள வரக்கூடாதுங்க."

"யாருகிட்டடி பேசுறே? அத்தன பேரையும் தூக்கிருவேன்!"

"தூக்குங்க. வார்டு வேலைய நாங்க நிறுத்த மாட்டோம், பச்சப் புள்ளைங்க கெடக்குது. ஆனா வல்லி புள்ளகிட்ட இருக்க நீங்க சம்மதிக்கிற வரைக்கும் ஆபீஸுப் பக்கம் ஒரு மாப்பு வராது."

"ஆமா, வராது," என்றார்கள் மற்றவர்களும்.

பாலகுரு பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. பெண்கள் நெருங்கி நின்று வாசலை அடைத்தார்கள்.

உள்ளே வல்லி பிள்ளையை மடியில் நிமிர்த்திக் குழாயைப் பிடித்திருந்தாள். நெஞ்சு இன்னும் குழிந்தது. உதட்டில் நீலம் மறையவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா, பிள்ளை பிழைப்பானா, ஒன்றும் தெரியவில்லை. வாசலிலிருந்து நிஷாவின் குரல் கேட்டது.

"நீ எந்திரிக்காதே வல்லி. நாங்க நிக்கிறோம்."