பகல் ஷிப்டுக்கு ஆள்

மீன் கம்பெனிகளில் கம்ப்ரசர் அறை வேலை எங்கே கிடைக்கும் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் கிடைக்கும். ஒருவன் வேலையை விடப்போகிறான் என்றால் ஆபீசுக்கு முன்பே கடை பெஞ்சுக்குச் சேதி வந்துவிடும். மறுநாள் அவன் மச்சானோ பங்காளியோ சான்றிதழோடு கேட்டில் நிற்பான். பெண்கள் அந்த பெஞ்சில் உட்காருவதில்லை.

தங்கச்சிமடத்து லீமாரோஸ் இதற்கு ஒரு வழி செய்யலாம் என்று நினைத்தாள். இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில், இறாலை உறைய வைக்கும் அமோனியா கம்ப்ரசரை அவள் ஓட்டினாள், பகல் ஷிப்டில். சுற்றுவட்டாரத்தில் அந்த வேலையைப் பகலில் பார்த்த பெண் அவள் ஒருத்திதான். மற்ற கம்பெனிகளில் இரவு ஹெல்பர்களாக இருந்த பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் ஹாலுக்கு வரச்சொல்லி, எங்காவது வேலை காலியானால் சேதி சொல்ல ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கினாள். "கம்ப்ரசர் அக்காமார்" என்று பெயர் வைத்தது அவள் கம்பெனி லேபில் வேலை பார்க்கும் லாமியா.

"நீ எப்ப கம்ப்ரசர் ஓட்டுன?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓட்டல. ஆனா உங்களுக்கெல்லாம் பேரு வைக்கத் தெரியலையே."

சிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக நம்பர் சொன்னார்கள். உச்சிப்புளியில் வாழ்க்கைப்பட்டிருந்த கலைச்செல்வி தன் பட்டன் போனைத் தூக்கிக் காட்டினாள். "இதுல வாட்ஸப் வராதுக்கா. எங்க வீட்டுக்காரரு நம்பரப் போட்டுக்கங்க. வந்தா சொல்லுவாரு."

லீமாரோஸ் அந்த நம்பரைக் கலைச்செல்வி என்றே பதிந்துகொண்டாள். இன்னும் பல பேர் இதையேதான் சொன்னார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பெரிய போன். அது யார் சட்டைப்பையில் இருக்கும் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை.

கலைச்செல்வி கெட்டிக்காரி. ஆர்.எஸ்.மங்கலத்து விவசாயி மகள், ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் இரவு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆண் இரவு வேலை முடிந்து வந்தால் கதவைச் சாத்தித் தூங்கவிடுவார்கள். பெண் வந்தால் உலை வைக்கச் சொல்வார்கள். "ஆவணி வரைக்கும்தான் நைட்டு. அதுக்குள்ள பகல் வேலை கிடைச்சாப் பாரு, இல்லேன்னா வீட்டுல இரு" என்று மாமியார் முடிவாகச் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லிக் கலைச்செல்வி லீமாரோஸிடம் ஒருமுறை அழுதிருக்கிறாள்.

ஆடி மாதம் லீமாரோஸுக்குத் தூத்துக்குடியில் பெரிய இடத்தில் வேலை கிடைத்தது. மேனேஜர் அகமது கபீர், "ஒன் எடத்துக்குத் தெரிஞ்ச ஆளு இருந்தா அனுப்பும்மா. திங்கக்கிழமை முடிச்சிரணும்" என்றார். அவள் மனதில் இருந்தது கலைச்செல்விதான். ஆனால் அவளுக்கு மட்டும் சொன்னால் டீக்கடைக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். குரூப்பில் போட்டாள். பகல் ஷிப்டுக்கு ஆள் தேவை, திங்கள் காலை நேரில் வரவும். கலைச்செல்வி நம்பரிலிருந்து கும்பிடும் கை ஒன்று வந்தது. போதும் என்று இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை கேட்டில் ஓர் ஆள் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை.

"வணக்கம் மேடம். குரூப்ல நீங்க போட்டிருந்தீகளே, பகல் ஷிப்டுன்னு."

"அது பொம்பளைக குரூப்பு."

"ஆளு தேவைன்னுதான மேடம் போட்டிருந்துச்சு."

அவள் போனை எடுத்துக் கலைச்செல்வியை அழைத்தாள். எதிரே நின்றவன் சட்டைப்பையில் மணி அடித்தது. அவன் எடுத்துப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஒரு நிமிடம் வெட்கப்பட்டது போலத்தான் இருந்தது.

"பாண்டித்துரை. கலைச்செல்வி வீட்டுக்காரரு."

"அவ எங்க?"

"நைட்டு முடிஞ்சு இப்பத்தான் வந்தா. தூங்குறா."

"அவளுக்குச் சொன்னீங்களா?"

"ரெண்டு பேரும் ஒரே வேலைக்கு வந்து நின்னா நல்லாவா இருக்கும், மேடம்?"

அகமது கபீர் சான்றிதழைப் பார்த்தார். துபாயில் ஏ.சி. மெக்கானிக், நான்கு வருடம். "இது அந்தப் பொண்ணுக்காக, சார்" என்று லீமாரோஸ் சொல்லிப் பார்த்தாள். "பொண்ணு வரலையேம்மா. வந்தவரை வேணாம்னு எப்புடிச் சொல்ல? ஒரே வீட்டுக்குத்தான போகுது." அவர் கெட்ட மனிதர் இல்லை. வேலையைப் பாண்டித்துரைக்கே கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்கப் பாண்டித்துரைக்கு வேலை பழக்கிவிட வேண்டியதும் அவள்தான். வீட்டு ஏ.சி. பழகிய கை அமோனியாவுக்குத் தயங்கியது. மூன்றாம் நாள் ஒரு மிஷினில் ஆயில் பிரஷர் இறங்கியது. லீமாரோஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏய், ஆயில் பிரஷர் எறங்குது."

"மொதல்ல ஆயில் லெவலப் பாருங்க. இருக்கா?" கலைச்செல்வியின் குரல். பின்னால் குக்கர் விசில்.

"இருக்கு."

"அப்ப பில்டரா இருக்கும். நிப்பாட்டிட்டுத் தொறங்க. ஓட விட்டுக்கிட்டே கைய வச்சிராதீக."

லீமாரோஸ் கிட்டே போனாள். "கலை, நான் லீமா. ஒனக்காகத்தான் போட்டேன்."

குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும்க்கா. நேத்துத்தான் அவரு போன சார்ஜ் போடுறப்பப் பாத்தேன்."

"நைட்டுக்குப் போறியா?"

"ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும்னுட்டாக. நின்னுட்டேன்." பிறகு அவளே சொன்னாள், "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல அக்கா. இந்தப் பட்டன் போனு என்கிட்டதான இருக்கு."

லீமாரோஸ் பாண்டித்துரையின் போனில் ஒளிர்ந்த நம்பரைப் பார்த்தாள். அவன் அதை 'வீடு' என்று பதிந்திருந்தான். அந்த நம்பர் அவளிடம் இல்லை. அன்று ஹாலில் கலைச்செல்வி தூக்கிக் காட்டிய போனின் நம்பரை அவள் கேட்டதே இல்லை.

பாண்டித்துரை மிஷினை நிறுத்திவிட்டு ஸ்பேனரைத் தேடினான். அவள் எடுத்துக் கொடுத்தாள்.