நில உரிமையாளர் குடியிருக்க வேண்டும்

இரண்டு வருடமாக ஒரு போன்கூடப் பண்ணாத கணவன் தையல் கடை வாசலில் வந்து நின்றபோது, அவள் பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"வீட்டுக்கு வா," என்றான். "தப்பு என்னோடதுதான்."

அவர்கள் சண்டை எலுமிச்சைத் தோப்பில் மூண்டது. அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்த நிலம் அது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல், காய்த்துக்கொண்டிருந்த மரங்களை ஒரு பக்கமாக வெட்டித் தள்ளிவிட்டு, சுற்றுலா வருகிறவர்கள் தங்க மூன்று காட்டேஜ் கட்டினான். ஏன் என்று கேட்டதற்கு, "உங்கப்பன் நிலம்னு இன்னும் எத்தன நாளைக்குச் சொல்லிக்காட்டுவ?" என்று வேலையாட்கள் முன்னால் கத்தினான். அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள்தான்.

அண்ணிக்கு இந்தத் திடீர்ப் பாசம் பிடிபடவில்லை. "எலி அம்மணமா ஓடுதுன்னா ஏதோ காரணம் இருக்கும். பாத்துக்கோ."

"போங்கண்ணி. மனுஷன் திருந்தவே கூடாதா?"

தோப்புக்குள்ளேயே இருந்த வீட்டுக்கு அவள் திரும்பினாள். அவன் திருந்தித்தான் இருந்தான். படுக்கையறைக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தான். அவளுடைய தையல் மெஷினை ஜன்னலோரம் வெளிச்சத்தில் போட்டிருந்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். ஒருநாள், "நீ இல்லாம வீடு வீடாவே இல்ல," என்றான். அவள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அண்ணிக்குப் போன் போட்டு, "உங்க எலி நல்லாத் துணிமணியோடதான் இருக்கு," என்று சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வாரம், அவள் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, கட்டட அனுமதி தரும் ஊரமைப்பு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். கணவன் ஓடிப்போய் வண்டிச் சாவியை வாங்காத குறையாக வரவேற்றான். அவர் காட்டேஜ்களைச் சுற்றிப் பார்த்தார், டேப் வைத்து அளந்தார், மரத்தடி மண்ணைக் காலால் கிளறினார். பிறகு அவளிடம் வந்தார்.

"நீங்கதான் ஓனரம்மாவா? உங்களத்தான் பாக்கணும்."

"என்னையா? எதுக்குங்க?"

"இது விவசாய மண்டலம்மா. இங்க வெறும் ஓட்டல் நடத்த முடியாது. நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்க இங்கயே குடியிருந்து விவசாயம் பண்ணணும். அப்பத்தான் கூடச் சேத்து டூரிஸ்ட்டத் தங்க வெக்கலாம். போன மாசமே சார்கிட்ட சொல்லிட்டேன், அம்மா வந்து தங்கலேன்னா மூணையும் பூட்டி சீல் வெச்சிடுவோம்னு. நல்லவேளை, வந்துட்டீங்க!"

நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

வார்த்தைகள் காதில் விழுந்தன, உள்ளே போகவில்லை. போன மாசம். போன மாசக் கடைசியில்தான் அவன் தையல் கடைக்கு வந்தான். உள்ளங்கால் சில்லென்றது. பாத்தி நிரம்பி வழிந்த தண்ணீர் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள், நின்றிருந்த இடம் காய்ந்து கிடந்தது. கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் நின்றான்.

"நிரந்தரமா இங்கதானே இருக்கப் போறீங்க?" என்றார் ஆய்வாளர்.

"பின்னே? எங்க போகப் போறா?" என்றான் கணவன் அவசரமாக.

"காலைல வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்," என்றாள் அவள்.

ஆய்வாளர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவள் அவரிடம் கேட்டாள்: "சார், இவர் இங்க இருக்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "இல்லம்மா. அவரப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெடித்துக் கிளம்பிய சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்ப, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆய்வாளர் அப்புறம் வருவதாகச் சொல்லி வண்டியை எடுத்தார்.

"ரூல்ஸ் சொல்லித்தான் பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சா உங்களுக்கு?"

"அப்படி இல்ல," என்றான். குரல் உடைந்திருந்தது. "எத்தனையோ தடவ அந்தக் கடை வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன். உன் முன்னால வந்து நிக்க மூஞ்சி இல்ல. இது ஒரு சாக்காக் கெடச்சுது. சத்தியமா."

பொய்யா, நிஜமா? அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். பத்து வருடம் பார்த்த முகம், ஒன்றும் புரியவில்லை.

அவள் டவுனுக்குத் திரும்பவில்லை. தன் நிலத்தை விட்டு இரண்டாம் தடவை எதற்குப் போகவேண்டும்? அன்று சாயங்காலமே அவன் படுக்கையைச் சுருட்டிக் கடைசிக் காட்டேஜில் கொண்டுபோய் வைத்தாள். அவன் தடுக்கவில்லை. ஆய்வாளர் மறுபடி வந்தபோது, "நான் இங்கதான் குடியிருக்கேன்," என்று சொல்லி அனுமதியைத் தன் பெயரிலேயே வாங்கினாள். விருந்தாளிகள் வருகிறார்கள், போகிறார்கள். காட்டேஜ் கணக்கு வழக்கை அவள் பார்க்கிறாள். அவன் மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான்.

சில நாள் வேலி ஓரமாக நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்பான். சாதாரணக் கேள்விதான். அவள் பதில் சொல்லாமல், அடுத்து என்ன கேட்கப் போகிறானோ என்று காத்து நிற்பாள். அவன் வேறொன்றும் கேட்காமல் போய்விடுவான்.